மலைச்சரிவில் விளையும் சிரா: வடக்கு ரோன் குடும்பத் தோட்டங்களின் சிவப்பு ஒயினுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்ஸில் லியோனிலிருந்து தெற்கே வலான்ஸுக்குப் போகும் ரயிலில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். வியன் நகரத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில், ரோன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை செங்குத்தாக எழும். அதன் உடம்பெங்கும் கல்சுவர்கள், சுவருக்குச் சுவர் குறுகலான படிநிலம், ஒவ்வொரு படியிலும் சில வரிசைத் திராட்சைக் கொடிகள். சில படிகளில் இரண்டே வரிசைதான் இருக்கும். அதுதான் கோத் ரோத்தி. 'வறுபட்ட சரிவு' என்று பொருள். அங்கிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டருக்குள் சேன் ஜோசேஃப், எர்மித்தாஜ், கோர்னாஸ் என்று அடுத்தடுத்த சரிவுகள். சிரா என்ற திராட்சையின் தாய்வீடு இந்தப் பள்ளத்தாக்குதான்.

இங்கே பல தோட்டங்கள் இன்னும் குடும்பங்களின் கையில் இருக்கின்றன. நல்ல பாட்டிலைத் தேட நினைப்பவர்கள் பெரும்பாலும் விமர்சகர்களின் மதிப்பெண் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறார்கள். எந்தச் சரிவு, யாருடைய கை என்ற இரண்டையும் முதலில் பாருங்கள் என்பேன். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் விலை ஏன் அப்படி இருக்கிறது, எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும், எதனோடு சாப்பிடலாம் என்பதெல்லாம் தானாகவே பிடிபடும்.

முதல் படி: சரிவைப் புரிந்துகொள்ளுங்கள்

எர்மித்தாஜ் குன்றின் அடியில் இருக்கும் டேன் லெர்மித்தாஜ் ஊர் ஏறக்குறைய 45 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சிரா நன்றாகப் பழுக்க வெயில் வேண்டும். இவ்வளவு வடக்கே சமவெளியில் அது எல்லா வருடமும் போதுமான அளவு கிடைக்காது. தெற்கையோ தென்கிழக்கையோ பார்த்த சரிவு என்றால் கதை வேறு. சாய்ந்து வரும் வெயில் அதன்மேல் நேராக விழும். பகலில் சூடேறிய கல் இரவிலும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். மழைநீர் தேங்காது. வளமில்லாத மண்ணில் வேர் ஆழமாக இறங்கும், பழம் சிறுத்துச் சாறு அடர்த்தியாகும். வடக்கிலிருந்து வீசும் மிஸ்த்ரால் என்ற வறண்ட காற்று பூஞ்சையை விரட்டுகிறது, கூடவே இளந்தண்டுகளையும் முறிக்கிறது. அதனால் கொடிக்குக் கொடி தனிக் கொழுகொம்பு நட்டுக் கட்டுகிறார்கள். கோத் ரோத்தியில் இரண்டு கழிகளைத் தலையோடு தலை சாய்த்துக் கட்டியிருப்பதையும் பார்க்கலாம்.

கோத் ரோத்தியில் சில இடங்கள் 60 பாகை வரை சாய்ந்தவை. டிராக்டர் ஏறாது. உழுவதற்கு மேலே வின்ச் என்ற இழுவை இயந்திரம் வைத்துக் கம்பியால் கலப்பையை இழுப்பார்கள், சிலர் குதிரை வைத்திருக்கிறார்கள். கவாத்து, களையெடுப்பு, அறுவடை எல்லாம் கையால்தான். பெருமழையில் கீழே வழிந்த மண்ணைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து மறுபடி மேலே கொட்டுவது இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை. சாந்து பூசாமல் அடுக்கிய சுவர் எங்கேயாவது சரிந்தால், குளிர்காலத்தில் உட்கார்ந்து கல் கல்லாக அடுக்க வேண்டும்.

இந்த உழைப்புக்குக் கூலி கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தது. பிறகு முதல் உலகப்போர் சுவர் கட்டத் தெரிந்த ஆண்களைக் கொண்டுபோனது. சமநிலத்தில் காய்கறியும் ஏப்ரிகாட்டும் நல்ல பணம் தந்தபோது சரிவில் ஏற யாருக்கு மனம் வரும்? 1970களில் கோத் ரோத்தியில் கொடி இருந்த நிலம் சுமார் 70 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. இன்று 300 ஹெக்டேருக்கு மேல். விட்டுப்போகாமல் பிடித்துக்கொண்டிருந்த சில குடும்பங்களால்தான் அது மீண்டது. விலைச்சீட்டைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

நம் ஊரில் புவிசார் குறியீடு இருப்பதுபோல் பிரான்ஸில் 'அப்பெலாசியோன்' என்ற ஏற்பாடு உண்டு. எந்த நிலம், எந்தத் திராட்சை, ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு ஒயின் என்பதை எல்லாம் அதுவே வரையறுக்கிறது. வடக்கு ரோனில் சிவப்பு ஒயினுக்கு ஐந்து பெயர்கள் தெரிந்தால் போதும்.

கோத் ரோத்தி, ஆம்புயி ஊரைச் சுற்றியது. இங்கே இரண்டு பேர்போன சரிவுகள்: இரும்புச்சத்து மிகுந்த கருநிற அடுக்குப் பாறை கொண்ட கோத் புரூன், வெளிறிய மண் கொண்ட கோத் பிளோந்த். முன்னது இறுக்கமான ஒயினைத் தரும், பின்னது மென்மையானதை. வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பெரும்பாலோர் அதில் கால்பங்குகூடச் சேர்ப்பதில்லை, பலர் சேர்ப்பதே இல்லை. சேர்த்தாலும் இரண்டையும் ஒன்றாகவே நொதிக்க விட வேண்டும். வெள்ளைத் திராட்சை சேர்ந்தால் நிறம் வெளிறும் என்றுதான் நினைப்போம். உண்மையில் அது நிறத்தை நிலைக்கச் செய்து வாசனையையும் தூக்கிக்கொடுக்கிறது.

எர்மித்தாஜ் ஒரே ஒரு குன்று. மொத்தம் சுமார் 140 ஹெக்டேர், ஆற்றின் கிழக்குக் கரையில். உச்சியில் சிறிய தேவாலயம் ஒன்று நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் போரிலிருந்து திரும்பிய காஸ்பார் த ஸ்தெரிம்பேர் என்ற வீரர் அங்கே துறவியாக வாழ்ந்தார், அதனால் குன்றுக்கு இந்தப் பெயர் வந்தது என்பது ஊர்க்கதை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் போர்தோ வணிகர்கள் தங்கள் ஒயினுக்கு வலுவூட்ட எர்மித்தாஜை வாங்கிக் கலந்தார்கள். விலையும் அதிகம், காத்திருக்க வேண்டிய காலமும் அதிகம். முதல் பாட்டிலாக இதை வாங்காதீர்கள்.

கோர்னாஸில் சிராவைத் தவிர வேறெதற்கும் அனுமதி இல்லை. கிரானைட் சரிவு, அரைவட்டமாக வளைந்து மிஸ்த்ராலுக்கு முதுகு காட்டி நிற்கும். அதனால் இங்கே பழம் சீக்கிரம் பழுக்கும். இளமையில் முரட்டு ஒயின். எட்டுப் பத்து வருடம் பொறுத்தவர்களுக்கு அது காட்டும் முகமே வேறு. என் மனசு எப்போதும் போய் நிற்கும் இடம் இதுதான்.

சேன் ஜோசேஃப் ஆற்றின் மேற்குக் கரையோரம் சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கிறது. 1956இல் மோவ், தூர்னோன் போன்ற ஆறு ஊர்களோடு தொடங்கி, 1969இல் எல்லை வெகுவாக விரிந்தது. அப்போது சரிவுகளோடு சேர்த்து மேட்டுச் சமநிலமும் உள்ளே வந்தது. ஆகவே சேன் ஜோசேஃப் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது. மோவ், தூர்னோன், சேன் ஜான் த முயிசோல் ஊர்களின் பழைய சரிவுகளில் விளைந்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால், பாதி விலையில் எர்மித்தாஜின் உறவினரைச் சந்திப்பதுபோல.

குரோஸ் எர்மித்தாஜ்தான் பரப்பில் பெரியது. தெற்குப் பகுதி கூழாங்கல் சமவெளி. வடக்கே ஜெர்வான் பக்கம் கிரானைட் குன்றுகள் உண்டு. சரிவு ஒயின்தான் தேவை என்றால் வடக்குப் பகுதித் தோட்டங்களைத் தேடுங்கள்.

மூன்றாம் படி: லேபிளில் குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள்

'குடும்பத் தோட்டம்' என்று விளம்பரத்தில் போடுவது சுலபம். இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நிறுவனம் குடும்பத்துடையதா? திராட்சை அவர்களே விளைவித்ததா? 1946இல் ஆம்புயியில் தொடங்கிய கிகால் இன்றும் குடும்ப நிறுவனம்தான். சொந்தச் சரிவுகளும் உண்டு, மற்றவர்களிடம் திராட்சையும் ஒயினும் வாங்கிப் பெரிய அளவில் பாட்டிலிடும் வேலையும் உண்டு. டேன் லெர்மித்தாஜ் ஊரின் ஜாபுலே நிறுவனம் 1834இலிருந்து ஒரே குடும்பத்திடம் இருந்து, 2006இல் வேறொரு குடும்பத்தின் கைக்கு மாறியது. மோவ் ஊரின் ஷாவ் குடும்பம் 1481 முதல் திராட்சை வளர்க்கிறது. அவர்களும் சொந்தத் தோட்டத்து ஒயின்கள் தவிர 'செலெக்சியோன்' என்ற தனி வரிசையை விற்கிறார்கள். இதில் எதுவும் ஏமாற்று இல்லை. நீங்கள் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லேபிளில் 'மிஸ் ஆன் பூத்தேய்' என்று தொடங்கும் பொடி எழுத்து வரியைத் தேடுங்கள். 'பாட்டிலிடப்பட்ட இடம்' என்று பொருள். அதன்பின் 'ஓ தொமேன்' என்று இருந்தால் தோட்டத்திலேயே பாட்டிலிட்டது. 'ஆ லா ப்ரொப்ரியேத்தே' என்பதும் கிட்டத்தட்ட அதே பொருள்தான், ஆனால் கூட்டுறவுச் சங்கங்களும் அதைப் போட்டுக்கொள்ளலாம். ஓர் ஊரையும் நிறுவனத்தையும் மட்டும் சொன்னால், வாங்கிக் கலந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பாட்டிலின் தலையில் உலோக மூடியின் மேல் பிரான்ஸின் சின்னமான மரியான் என்ற பெண்ணின் முகத்தோடு வரி முத்திரை இருந்தால் அதையும் பாருங்கள். முகத்தின் அருகே 'ஆர்' (R) எழுத்து இருந்தால் விளைவித்தவரே விற்கிறார், 'என்' (N) இருந்தால் வணிகர். 2019 முதல் இந்த முத்திரை கட்டாயமில்லை, அதனால் எல்லாப் பாட்டிலிலும் இருக்காது. முதுகில் பீப்பாய் சுமந்த மனிதரின் சின்னம் இருந்தால், அது சொந்தமாக விளைவித்து விற்கும் தோட்டக்காரர்களின் சங்கத்துடையது. நம்பலாம். 'வியேய் வீஞ்' அதாவது 'பழைய கொடிகள்' என்ற சொல்லுக்கு மட்டும் சட்டத்தில் வரையறை கிடையாது. 30 வருடக் கொடிக்கும் அப்படித்தான் போடுகிறார்கள், 90 வருடக் கொடிக்கும் அப்படித்தான். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குடும்பத்தின் கை ஒயினை எப்படி மாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். கோர்னாஸின் கிளாப் குடும்பத்தில் ஒகுஸ்த் கிளாப், அந்த ஊரில் மொத்த வணிகருக்கு விற்காமல் சொந்தமாகப் பாட்டிலிட்ட முன்னோடிகளில் ஒருவர். 2018இல் காலமானார். மகனும் பேரனும் அதே வழியில் நடத்துகிறார்கள். பல துண்டு நிலங்களின் ஒயினைத் தனித்தனியாக விற்றால் கூடுதல் விலை கிடைக்கும். அவர்கள் எல்லாவற்றையும் கலந்து ஒரே கோர்னாஸாகச் செய்கிறார்கள். இளங்கொடிகளுடையதை மட்டும் 'ரனேசான்ஸ்' என்று பிரிக்கிறார்கள். பீப்பாய்களும் பழையவை, மரத்தின் வாசனை ஒயினில் ஏறக்கூடாது என்பதற்காக. இதற்கு நேர் எதிரே கிகால்: லா மூலின், லா லாந்தோன், லா தூர்க் என்ற மூன்று ஒயின்களைத் தனித்தனியாக, புதிய ஓக் பீப்பாயில் 42 மாதம் வைத்திருப்பார்கள். ஒரே திராட்சை, ஒரே ஆறு. ருசி இரண்டு துருவம். நான் கிளாப் பக்கம்.

நான்காம் படி: அறுவடை ஆண்டைப் பாருங்கள்

சரிவில் ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் பெரிது. 2003 கடும் வெயில், பழம் வெந்துபோன ருசி பலவற்றில் தெரியும். 2009, 2010, 2015 மூன்றும் சிறந்தவை. அதிலும் 2010 புளிப்பும் துவர்ப்பும் சரியாகக் கூடி நெடுநாள் நிற்கக்கூடியது. 2018, 2019, 2020 வெயில் மிகுந்த, சதைப்பற்றான வருடங்கள். 2021 ஏப்ரலில் உறைபனி அடித்தது, கோடையும் குளிர்ச்சி. விளைச்சல் குறைந்து ஒயினும் மெலிந்தது. அதற்காக 2021ஐ ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல குடும்பத்தின் மெலிந்த வருடத்து ஒயின் விலை குறைவாக இருக்கும், சீக்கிரம் குடிக்கலாம், மிளகு வாசனையும் தூக்கலாக இருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை.

ஐந்தாம் படி: வாங்குவது

கோர்னாஸ், கோத் ரோத்தி, எர்மித்தாஜ் மூன்றிலும் ஹெக்டேருக்குச் சுமார் 4,000 லிட்டர்தான் அனுமதி. அதாவது சுமார் 5,300 பாட்டில். மூன்று ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பத்திடம் உலகத்துக்கே சேர்த்து 16,000 பாட்டில்கூடத் தேறாது. புகழ்பெற்ற பெயர்கள் பழைய வாடிக்கையாளர்களுக்கே பங்கு பிரித்துத் தீர்ந்துவிடும். அதைத் துரத்தி இரட்டை விலை கொடுப்பதைவிட, அதே சரிவில் அடுத்த படியில் இருக்கும் அறியப்படாத குடும்பத்தைத் தேடுவது நல்லது. பிரான்ஸில் குரோஸ் எர்மித்தாஜும் சேன் ஜோசேஃபும் பெரும்பாலும் 15 முதல் 35 யூரோவுக்குள் கிடைக்கும். கோர்னாஸும் கோத் ரோத்தியும் 40க்கு மேல் போகும்.

நேரில் போக முடிந்தால் போங்கள். டேன் லெர்மித்தாஜில் ரயில் நிலையம் இருக்கிறது, இறங்கி நடந்தே எர்மித்தாஜ் குன்றில் ஏறலாம். ஆற்றின் குறுக்கே உள்ள நடைபாலத்தைக் கடந்தால் அந்தப் பக்கம் தூர்னோன். இவை சின்னக் குடும்பங்கள். வரவேற்பறையில் ஆள் உட்கார வைத்திருக்க மாட்டார்கள். கதவைத் திறப்பவரே காலையில் கவாத்து வெட்டியவராக இருப்பார். முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். செப்டம்பர் அறுவடைக் காலத்தைத் தவிருங்கள். ஜனவரியில் ஆம்புயியிலும் டிசம்பர் தொடக்கத்தில் கோர்னாஸிலும் ஒயின் சந்தை நடக்கும். ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்களைப் பார்த்துவிடலாம். ருசித்த ஒயினைத் துப்புவது அங்கே மரியாதைக் குறைவு ஆகாது, வாளியே அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். கார் ஓட்டப் போகிறவர் கட்டாயம் துப்ப வேண்டும். சட்ட வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு அரை கிராம்.

இந்தியாவுக்குக் கொண்டுவருவதானால் ஒருவருக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை. வழக்கமான 750 மில்லி பாட்டில் இரண்டு. துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள்.

ஆறாம் படி: வைத்திருப்பது

12 முதல் 14 டிகிரி, இருட்டு, அசையாத இடம், தக்கை உலராதபடி படுக்கவைத்த பாட்டில். இவ்வளவுதான் விதி. சென்னையிலோ மதுரையிலோ சமையலறை அலமாரியில் ஒரு கோடை வைத்தால் நல்ல கோர்னாஸ்கூட வெந்த ஜாம் மாதிரி ஆகிவிடும். ஒயின் குளிர்பெட்டி இல்லையென்றால் சேமிக்க வேண்டாம், குடிக்கப் போகும்போது வாங்குங்கள். சில வாரங்கள் என்றால் சாதாரண ஃப்ரிட்ஜே போதும்.

இடம் இருப்பவர்களுக்கு என் கணக்கு: குரோஸ் எர்மித்தாஜ் 2 முதல் 6 வருடம், சேன் ஜோசேஃப் 3 முதல் 8, கோத் ரோத்தி 7 முதல் 20, கோர்னாஸ் 8 முதல் 20, எர்மித்தாஜ் 10க்கு மேல், நல்ல ஆண்டென்றால் 30கூடத் தாங்கும். ஒரே ஒயினில் மூன்று பாட்டில் வாங்கி மூன்று நான்கு வருட இடைவெளியில் திறந்து பாருங்கள். இதைப் போலக் கற்றுத்தரும் பாடம் வேறில்லை.

ஏழாம் படி: திறப்பதும் ஊற்றுவதும்

சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' குடிக்கச் சொல்வார்கள். அது பழைய பிரெஞ்சுக் கல்வீட்டு அறையின் கணக்கு. நம் அறை 30 டிகிரி. 16 டிகிரிதான் இலக்கு. அறையில் இருந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரமாவது வைத்து எடுங்கள். நான் முதன்முதலில் திறந்த கோத் ரோத்தியை அப்படியே வெதுவெதுப்பாகக் குடித்துவிட்டேன். ஆல்கஹால் நெடியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இன்றும் அந்தப் பாட்டிலை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இளம் சிராவைத் திறந்ததும் கந்தக வாடையோ தீக்குச்சி உரசிய வாடையோ வந்தால் பயப்பட வேண்டாம். நொதிக்கும்போது போதுமான காற்று படாத சிராவில் இது சகஜம். வாயகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள், பெரும்பாலும் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது தக்கையின் கோளாறு. எவ்வளவு காற்றுப் பட்டாலும் சரியாகாது. கடையில் திருப்பிக் கொடுங்கள்.

பத்து வருடத்துக்கு மேற்பட்ட பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள். அடியில் வண்டல் இறங்கும். வடிகட்டாமல் பாட்டிலிடும் குடும்பங்கள் பல, அதனால் வண்டல் குறை அல்ல. மெல்லச் சாய்த்து ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். முதிர்ந்த ஒயினை அதிக நேரம் காற்றில் விடக்கூடாது, இருக்கிற கொஞ்ச வாசனையும் பறந்துவிடும்.

எட்டாம் படி: ருசிப்பது

சிரா என்ற பெயரைப் பார்த்து அது பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1990களின் இறுதியில் செய்த மரபணு ஆய்வு அதை முடித்துவைத்தது. பக்கத்து ஆர்தேஷ் மலையின் துரேசாவும் சவோய் பகுதியின் மோந்தூஸ் பிளாஞ்சும் கூடிப் பிறந்த பிள்ளை சிரா. முழுக்க உள்ளூர்ப் பிள்ளை.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றி முகருங்கள். முதலில் வருவது மிளகு. இதை ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. நம் மிளகுக்கு அதன் வாசனையைத் தரும் ரோட்டுண்டோன் என்ற பொருளே சிராவின் தோலிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்தார்கள். மிளகை அம்மியில் நுணுக்கிய வாசனை தெரிந்த மூக்குக்கு இந்த ஒயின் அந்நியமே இல்லை. அதற்கடியில் நாவல்பழம் போன்ற கரும்பழம், வயலெட் பூ, கறுப்பு ஆலிவ், லேசான புகை. சிலர் குலைகளைக் காம்போடு நொதிக்க விடுவார்கள், அவர்களுடைய ஒயினில் காய்ந்த மூலிகை வாசனை சேரும்.

வாயில் புளிப்பு நாக்கின் ஓரத்தில் தெரியும், துவர்ப்பு ஈறில் பிடிக்கும். நாவல்பழம் தின்றபின் வாய் இழுக்குமே, அதே பிடி. கிரானைட் சரிவின் ஒயினில் இந்தப் பிடி மெல்லிய பொடிபோல நேர்க்கோட்டில் நீளும். சமவெளி ஒயினில் முன்னால் பழம் பளிச்சென்று வந்து சீக்கிரம் முடிந்துவிடும். குரோஸ் எர்மித்தாஜில் ஒரு சமவெளிப் பாட்டிலும் ஒரு குன்றுப் பாட்டிலும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் ஒரே மாலையில் இது புரியும்.

சாப்பாட்டுக்கு, அந்த ஊரில் ஆட்டிறைச்சி, காட்டுப்பன்றி, பிக்கோதோன் என்ற சிறிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. நம் சமையலில் மிளகில் வறுத்த ஆட்டுக்கறி இதற்கென்றே பிறந்தது போல இருக்கும். காரம் மிளகில் இருக்கட்டும், மிளகாயில் வேண்டாம். மிளகாய் எரிச்சல் ஆல்கஹாலையும் துவர்ப்பையும் கூட்டிக்காட்டி ஒயினைக் கசக்க வைக்கும். புளிக்குழம்பும் ஒத்துப்போகாது.

ஒரே நாளில் பாட்டிலை முடிக்க வேண்டியதில்லை. பாதியைத் தக்கை போட்டு ஃப்ரிட்ஜில் நிறுத்தி வைத்து, மறுநாள் மாலை அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுங்கள். இளம் கோர்னாஸ் என்றால் முதல் நாள் இறுகி நின்றது இரண்டாம் நாள் கொஞ்சம் இளகி, மிளகுக்குப் பின்னால் பூவின் வாசனை எழுந்து வரும்.